இரும்புப் பீப்பாவும் கீழ் அம்பும்

குறூப்பைப் பொறுப்பெடுத்திருக்கிற உங்கள் மூன்று பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போய்விட்டது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கிறேன், ஒருவர் கோல் எடுக்கிறார்: "ஐயா, இந்தப் போஸ்டுக்குக் கீழ் அம்பு கூடிப்போச்சு, தூக்கவா?" மத்தியானம் சோற்றில் கை வைக்கிறேன், அடுத்தவர்: "ஐயா, ரெண்டு பேர் சண்டை பிடிக்கினம், ரெண்டு பேரையும் வெளியால போடவா?" அட்மின் வேலையை நான் விட்டதே சோற்றை ஆறுதலாகச் சாப்பிடத்தான்.

ஆனபடியால் எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இராது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதன்பிறகு ஐஸ் கட்டி சுமந்தேன், என்ஜின் கழற்றினேன், துறைமுகத்தடியில் யாருடைய தயவும் இல்லாமல் சொந்தக் கடை போட்டேன். பிறகு, வடக்கே சல்லியிலிருந்து தெற்கே இலங்கைத்துறை வரைக்கும் உள்ள கடல்காரர் முழுப்பேரும் கண்விழித்ததும் திறந்து பார்க்கிற ஒரு தளத்தைப் போனுக்குள் உண்டாக்கினேன். கடல் எப்படி, நீரோட்டம் எப்படி, ஐஸ் எங்கே இருக்கிறது, மீன் என்ன விலை, எல்லாம் அதில்தான். பட்டம் படித்தவர்கள் தொடங்கின குறூப்புகளும் இந்தக் கரையில் இருந்தன. பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டுப் போட்டே அவை செத்துப்போயின. என்னுடையது நிற்கிறது.

நிற்கிறதற்குக் காரணம் நான் அம்பை எண்ணாததுதான். நீங்கள் வந்த நாள் முதல் எண்ணுகிறீர்கள்.

மேல் அம்பு, கீழ் அம்பு என்று ஒவ்வொரு போஸ்டுக்கும் அடியில் இரண்டு இருக்கின்றன. கீழ் அம்பு ஒரு அளவைத் தாண்டினால் போஸ்ட் தானாகவே மறைந்துவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தது நானும் ஜெஸீமாவும். ஜெஸீமா கிண்ணியாவில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர், என்னோடு சேர்ந்து அட்மினாக இருந்தவர். தளத்தின் உள்வேலை எல்லாம் அவர் கையில். சட்டம் வைக்கும்போதே நான் சொல்லிவிட்டேன், அட்மினுக்கும் அதே சட்டம்தான் என்று. என் போஸ்டுக்குக் கீழ் அம்பு கூடினால் என் போஸ்டும் மறையட்டும். அப்படிச் சொல்லுகிற துணிவு எத்தனை அட்மினுக்கு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தக் கீழ் அம்பு. உங்களுக்கு அது 'இந்தப் போஸ்ட் பொய்' என்று சொல்லுகிற அம்பு. அப்படி யார் சொன்னது? ஒருவன், எழுதினவன் தன் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று போடுகிறான். ஒருவன் மீன் விலை விழுந்ததற்கு, விலையை எழுதினவன் தலையில் போடுகிறான். மழை வரும் என்று எழுதினவனுக்கு ஒருவன் போட்டான். ஏன் தம்பி என்று கேட்டேன். "வலை காயப்போட்டிருக்கிறன் ஐயா" என்றான். மழைக்குப் போட வேண்டிய அம்பை மனிசனுக்குப் போடுகிறான். இவ்வளவையும் கூட்டி ஒரு எண்ணாக்கி, அதை என்னிடம் வாசித்துக் காட்டுகிறீர்கள்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கடல்காரன் கரையில் இடத்தைப் பற்றி உண்மை பேச மாட்டான். அது கெட்ட குணத்தில் சேராது, தொழிலில் சேரும். மீன் அள்ளிக்கொண்டு வந்தவனிடம் எங்கே பட்டது என்று கேட்டால் தெற்கே பிடித்ததை வடக்கே காட்டுவான். நீயாகவே சரியான இடத்தைச் சொல்லிவிட்டால், "அங்கயோ? அங்க முழுக்கக் கல்லு, வலை கிழிஞ்சு போம்" என்பான். கேட்கிறவன் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் 'அப்ப அங்கதான்' என்று குறித்துக்கொள்வான். எங்களிடம் ஒரு இடத்தில் ஆபத்து என்று ஒருவன் சொன்னால், முதலில் வருகிற எண்ணம் அங்கே மீன் நிற்கிறது என்பதுதான். கரையில் இதனால் பிழை வராது. முகத்தைப் பார்த்தால் விளையாட்டா, உண்மையா என்று தெரிந்துவிடும். போனில் முகம் எங்கே இருக்கிறது?

அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

காற்று விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்த காலம். அறக்குளா மீன் கூட்டம் கூட்டமாக இலங்கைத்துறைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மனிசர் பின்னேரம் வரைக்கும் கரையில் இருந்து, இருட்டுகிற நேரம் பார்த்து முழு வேகத்தில் ஓடி இடம் பிடிப்பார்கள். முந்தினவன் வலையை விடுவான், பிந்தினவன் அவன் அம்மாவைத் திட்டுவான். அப்படி ஓடுகிறவர்களில் ஒருவன் தவம். சல்லிக்காரன், என் மனைவியின் கடைசித் தம்பி. பைபர் வள்ளம், வேகமான என்ஜின். என்ஜினைப் பூட்டிக் கொடுத்ததே நான்தான். அந்த வேகம் அந்தக் கரையில் வேறு வள்ளத்துக்கு இல்லை.

ஒரு நாள் மத்தியானத்துக்கு முன் றிஸ்வான் என்கிற பொடியன், சல்லிக்காரரோடு கடலில் எப்போதும் போட்டி போடுகிற கிண்ணியாக்காரன், ஒரு போஸ்ட் போட்டான். சொந்த வள்ளம் எடுத்துக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அவன் எழுதியது இதுதான்:

"எல்லாரும் கவனம். வெளிச்ச வீடும் கோணேசர் மலையும் ஒரே நேருக்கு வாற இடத்தில, கொஞ்சம் வெளியால, என்ட வலை கிடக்கிற இடத்துக்குக் கிட்ட, கப்பலக் கட்டி நிப்பாட்டுற பெரிய இரும்புப் பீப்பா ஒண்டு அறுந்து வந்து மிதக்குது. தண்ணிக்கு மேல கொஞ்சம்தான் தெரியுது. இருட்டில ஓடி அடிச்சா வள்ளம் ரெண்டாப் போயிரும். நான் வலையையும் விட்டுட்டு வந்துட்டன்."

படம் இல்லை. போனில் சார்ஜ் இல்லையாம்.

பிறகு என்ன? வந்து விழுந்தார்கள்.

"பீப்பாவுக்குள்ள அறக்குளாவோ தம்பி?"

"அதுக்கு மேல ஒரு கதிரையும் போட்டு வை, வந்து இருந்து பாக்கிறம்."

"போன கிழமை சொறி, இந்தக் கிழமை பீப்பா. வாற கிழமை திமிங்கலமோ?"

கடைசியாக எழுதினவன் தவம். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் இதே றிஸ்வான், "அந்தப் பக்கம் முழுக்கச் சொறிமுட்டை, கை பட்டா எரியுது, ஒருத்தரும் போகாதீங்க" என்று எழுதியிருந்தான். போனவர்கள் சொறி என்கிற ஜெல்லிமீன் ஒன்றையும் காணவில்லை, அறக்குளாவைத்தான் கண்டார்கள். நான் அவனைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன். இப்போது பீப்பா.

கீழ் அம்பு மழைபோல் விழுந்தது. போஸ்ட் மறைந்தது. ஜெஸீமா கோல் எடுத்தார்.

"அண்ணன், றிஸ்வான்ட போஸ்ட் போயிட்டு. ரிப்போட்டும் நிறைய வந்திரிக்கி. போன தரமும் பொய் சொன்ன ஆள்தானே. கொஞ்ச நாளைக்கு வெளியால போடுவமா?"

"பொறுங்கோ" என்றேன்.

நீங்கள் என்றால் போட்டிருப்பீர்கள். எண்ணிக்கை இருக்கிறது, ரிப்போட் இருக்கிறது, பழைய குற்றம் இருக்கிறது, இனி என்ன வேண்டும்? நான் அவனுடைய பழைய போஸ்டையும் புதிய போஸ்டையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் வாசித்தேன். பழையதில் 'அந்தப் பக்கம்'. எந்தப் பக்கம்? அவன் சொல்லவில்லை. பொய் சொல்லுகிற கடல்காரன் இடத்தைக் குழப்பித்தான் சொல்லுவான், தன் இடத்தைக் காப்பாற்றத்தானே பொய்யே சொல்லுகிறான். புதியதில் மலையையும் வெளிச்ச வீட்டையும் நேருக்கு வைத்து, தன் வலை கிடக்கிற இடத்தைத் தானே ஊருக்குக் காட்டியிருந்தான். எந்த மடையன் தன் வலைக்கு வழி சொல்லிவிட்டுப் பொய் சொல்லுவான்?

அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, உன்ர வலை எங்க?"

"அங்கதான் கிடக்கு அண்ணன். கிட்டப் போகப் பயமாரிக்கி."

"இடத்தை எழுதிப் போட்டிட்டாய். இனி எல்லாரும் வருவாங்கள், தெரியுமோ?"

"வரட்டும் அண்ணன். என்ன செய்ற. அடிச்சுச் செத்துப்போனா வர ஏலாதுதானே."

எனக்கு அது போதும். அவன் போஸ்டை மேலே எடுத்து, "இதை நான் நம்புகிறேன், இருட்டில் அந்தப் பக்கம் ஓடாதீர்கள்" என்று என் பெயரில் ஒரு போஸ்டும் போட்டேன். இந்தக் கரையில் என் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. அது எவ்வளவு நேரம் நின்றது என்று நினைக்கிறீர்கள்? நான் போனைக் கீழே வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஐயா வீட்டில இண்டைக்கு அறக்குளாக் குழம்போ?"

"அண்ணர் கிண்ணியாவுக்குக் கூலிக்கு நிக்கிறார்."

நான் ஐஸ் கடன் கொடுத்து வாழவைத்தவன் கீழ் அம்பு போடுகிறான். நான் என்ஜின் திருத்திக் கொடுத்தவன் போடுகிறான். யார் போட்டது என்று அட்மினுக்குத் தெரியும் என்பதைக்கூட யோசிக்கவில்லை. தவமும் போட்டிருந்தான். என் போஸ்டும் மறைந்தது, அதன் பின்னால் றிஸ்வானுடையதும் திரும்ப மறைந்தது.

குசினிக்குள் இருந்து என் மனைவி கேட்டாள், "தவம் இண்டைக்கும் அங்கதானே போறான்?"

"ஓம்."

"அப்ப என்ர தம்பியக் கடலுக்கு விட்டுட்டு நீங்கள் போனைத் தட்டிக்கொண்டு இருக்கிறியளோ?"

ஜெஸீமாவுக்குக் கோல் எடுத்தேன். "அந்தச் சட்டத்தை இண்டைக்கு மட்டும் நிப்பாட்டுங்கோ. கீழ் அம்பே வேலை செய்யாமப் பண்ணுங்கோ."

"ஏலாது அண்ணன்."

"என்னெண்டு ஏலாது? உங்கட கையிலதானே இருக்கு?"

"கையில இரிக்கி. ஆனா அட்மினுக்கும் அதே சட்டமெண்டு நீங்கதானே சொன்ன. இப்ப உங்கட போஸ்ட் விழுந்தவுடனே நிப்பாட்டினா, இவங்க சொல்றது சரியெண்டு ஆயிரும். பிறகு பீப்பா உண்மையெண்டாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். வேற வழி பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது. தலைக்கு மேலே நின்ற வெயில் சாயத் தொடங்கிவிட்டது. சல்லியில் வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற நேரம்.

நான் ஐஸ் சுமந்த காலத்தில் கரையில் மீன் ஏலம் கூறுகிற ஒருவர் இருந்தார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, எல்லோருக்கும் அவர் ஏலக்காரர்தான். ஒரு குவியல் பழசு, புதுசு என்று சண்டை வந்தால் கூட்டம் முழுக்கக் கத்தும். அவர் எந்தப் பக்கம் சத்தம் கூட என்று பார்க்கவே மாட்டார். "தொட்டுப் பாத்தவன் மட்டும் கதைக்கட்டும். மற்றவன் தள்ளி நில்" என்பார். பாதிப் பேர் உடனே தள்ளி நிற்பார்கள். நான் அவரிடம் படித்ததை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

புதிதாக ஒரு போஸ்ட் எழுதினேன். சட்டம் ஒன்றையும் மாற்றவில்லை. எழுதியதை நினைவிலிருந்து தருகிறேன்:

"கீழ் அம்பு போட்ட ஆட்களிடம் ஒரு கேள்வி. இன்றைக்கு அந்த இடத்துக்குப் போனவர் யார்? 'நான் போனேன், பீப்பா இல்லை' என்று பெயரோடு எழுதுங்கள். ஒரே ஒரு ஆள் எழுதினால் போதும். றிஸ்வானையும் விலக்குகிறேன், நானும் அட்மின் வேலையை விட்டுப் போகிறேன்."

நான் கட்டி எழுப்பின தளம். அதையே தூக்கி வைத்தேன். வேறு எதை வைப்பது?

சத்தம் நின்றது. ஒருவர் எழுதுவதும் அழிப்பதும் தெரிந்தது. பிறகு ஒருவன்: "நான் போகேல்ல. ஆனா போனவன் சொன்னவன்."

"போனவன் ஆர்?" என்று கேட்டேன்.

"அவனும் ஒராளிட்டக் கேட்டவன்."

"அந்த ஆள் ஆர்?"

அவன் பிறகு வரவேயில்லை. அடுத்ததாக இலங்கைத்துறைக்காரர் ஒருவர் எழுதத் தொடங்கினார். "நான் காலம்பற அந்த வழியாலதான் வந்தனான்" என்று முதல் வரி வந்தது. பொடியன் என்னை ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன். இரண்டாவது வரி வர ஒரு யுகம் ஆனது. "பீப்பாவைக் காணேல்ல. ஆனா விடியமுன்னம் வந்தது, இருட்டு. இல்லையெண்டு சத்தியம் பண்ண மாட்டன்." அவர் தன் கீழ் அம்பை எடுத்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மன்னிப்பும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. எடுக்கட்டும், அதுவே பெரிது. இரண்டு போஸ்டும் திரும்ப மேலே வந்தன.

தவம் எடுக்கவில்லை. அவன்தான் எனக்கு வேண்டிய ஆள். கோல் எடுத்தேன்.

"என்ன அத்தான், மானத்தை வாங்குறியள். எல்லாரும் என்னைக் கேக்கிறாங்கள், உன்ர அத்தான் ஏன் கிண்ணியாப் பக்கம் எண்டு."

"நான் பீப்பாப் பக்கமடா."

"அவன் விசர்க்கதை கதைக்கிறான், நீங்களும் நம்புறியள். நான் போகத்தான் போறன்."

பக்கத்தில் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். போகாதே என்று நான் சொன்னால் அவன் இன்னும் வேகமாகப் போவான். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். "போ" என்றேன்.

"என்ன?"

"போ எண்டுறன். ஆனா இப்பவே வெளிக்கிடு. வெளிச்சம் இருக்கேக்க அந்த இடத்தைச் சுத்திப் பார். இல்லையெண்டா அதில நிண்டே போஸ்டைப் போடு, நான் போனேன், பீப்பா இல்லை எண்டு. நான் விட்டுட்டுப் போறன். குறூப்பை நீயே எடு."

"போடுவன்."

"போடு. மெதுவா ஓடு. ஓடுற ஓட்டத்தில பாத்தா கணக்கில சேக்க மாட்டன்."

கவனியுங்கள். அவன் கருத்தோடு நான் மல்லுக்கட்டவில்லை. அவனை அனுப்பினேன், பகலில், மெதுவாக. அவன் போனது என்னை வெல்லுகிறதற்காக. அதனால் எனக்கு என்ன நட்டம்?

"விட்டுட்டியளே!" என்று மனைவி அழத் தொடங்கினாள். வெயில் மஞ்சளாகிக்கொண்டு போனது. தவம் பார்க்கப் போகிற கதை குறூப்பிலும் பரவிவிட்டது. எல்லோரும் அவன் போஸ்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். வெயில் இன்னும் இருக்கும்போதே போன் அடித்தது. என்ஜின் சத்தம் கேட்கவில்லை.

"அத்தான்."

"சொல்லு."

"கிடக்குது."

மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"யானை படுத்த மாதிரிக் கிடக்குது அத்தான். கிட்ட வந்தாப்பிறகுதான் கண்டனாங்கள். ஓடி வந்திருந்தா..." அவன் முடிக்கவில்லை. "சுத்தவர வலை சிக்கிக் கிடக்குது. அந்தப் பொடியன்ட வலையா இருக்கும். வெட்டாம எடுக்கப் பாக்கிறன்."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

தவம் ஒரு வெறும் எண்ணெய்க் கானில் சிவப்புத் துணி கட்டிப் பீப்பாவில் பிணைத்துவிட்டு வந்தான். நான் துறைமுகத்துக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு படகு வந்து அதை இழுத்துக்கொண்டு போனது. றிஸ்வானுக்குப் பாதி வலை திரும்பக் கிடைத்தது.

அதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். பீப்பா போன பிறகு தவம், முந்தின பின்னேரம் எடுத்த படத்தைக் குறூப்பில் போட்டான். "றிஸ்வான் தம்பி உண்மைதான் சொன்னவன். நான்தான் விசர்க்கதை கதைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்" என்று எழுதியிருந்தான். எங்கள் குறூப்பில் மன்னிப்புக் கேட்டு வந்த முதல் போஸ்ட் அது. படமும் நல்ல படம். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு இருக்கும்போதே கீழ் அம்பு விழத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் போஸ்ட் மறைந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் போட்டது என்று திறந்து பார்த்தேன். முதலாவது அம்பு றிஸ்வான். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"டேய், உன்னை உண்மைக்காரன் எண்டு காட்டுற படமடா அது!"

"ஓம் அண்ணன். தவம் அண்ணனுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லுவன். ஆனா பீப்பாவத்தான் இழுத்துக்கொண்டு போயிட்டாங்களே, என்ட போஸ்டையும் நான் அழிச்சிட்டன். படத்தில மலையும் வெளிச்ச வீடும் அப்பிடியே நேராத் தெரியுது. மீன் நிக்கிற இடத்த இனியும் ஏன் ஊருக்குக் காட்டணும்?"

இரண்டாவது அம்பு யாருடையது என்று பார்த்தேன். தவம். தன் போஸ்டுக்குத் தானே போட்டிருக்கிறான், அழிக்கத் தெரியாமல். மூன்றாவது, இருட்டில் அந்த வழியால் வந்த இலங்கைத்துறைக்காரர்.

ஜெஸீமா கோல் எடுத்தார். சிரிப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை. "அண்ணன், திருப்பி மேல எடுக்கவா?"

"விடுங்கோ" என்றேன். "இந்தத் தரம் போட்ட ஆக்கள் எல்லாரும் அங்க வலை விடுற ஆக்கள்."